சர்க்கரை நோய் மருந்தும் சேமிப்புப் பணமும்

சர்க்கரை என்றதும் நாவில் நீர் ஊறிய காலம் ஒன்று உண்டு. இன்றோ அச்சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் மாத்திரைப் பெட்டியைத் தேடுகிறார்கள். பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டிலும் சரி, அரியலூர் சிமெண்டு ஆலை வாசலிலும் சரி, "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று நலம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர்.

சென்ற பெற்றோர் தினத்தன்று எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுக்கு ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மருந்தைச் செய்யும் கம்பெனியில் பணம் போட்டால் நஷ்டம் எப்படியம்மா வரும்?" மக்காச்சோளம் விற்ற பணம் அவர் கையில் இருந்தது. அது அவளுடைய அக்காவின் நர்சிங் படிப்புக்காகச் சேர்த்த பணம். எங்களுக்கு விடை தெரியவில்லை. ஆசிரியைகளிடம் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

பங்கு என்பது யாது?

நம் ஊர்ப்பக்கம் நான்கு குடும்பத்தார் சேர்ந்து பணம் போட்டு, ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வந்தால் நால்வருக்கும் பாசனம். புகை மட்டும் வந்தால் போட்ட பணம் போனதுதான். கம்பெனியின் பங்கும் இத்தகையதே. பங்கு வாங்குபவர் அக்கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் அல்லர். அதன் சிறு உரிமையாளர். லாபத்திலும் அவருக்கு இடமுண்டு, நஷ்டத்திலும் இடமுண்டு. வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குகளின் விலை சரிந்தால் ஈடுசெய்வார் எவருமில்லை.

புதிய மருந்து பிறக்கும் விதம்

புதிய மருந்து ஒன்று முதலில் ஆய்வுக்கூடத்திலும், பின்னர் விலங்குகளிடத்தும் சோதிக்கப்படுகிறது. அதன் பிறகு மனிதரிடம் மூன்று கட்டச் சோதனைகள் நடைபெறும். அவை யாவற்றிலும் தேறினால்தான் அரசின் அனுமதி கிடைக்கும். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். மனிதரிடம் சோதனை வரை வந்த மருந்துகளிலும் பத்தில் ஒன்பது போலத் தோற்றுவிடுகின்றன. ஆகவே நோயாளிகள் பெருகுவதால் மட்டும் மருந்துக் கம்பெனிக்கு லாபம் வந்துவிடாது. ஊரெல்லாம் தாகம் என்பதற்காகத் தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் வருகிறதா?

வரலாறு கூறும் பாடங்கள்

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-இல் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 ஜனவரியில் அதை முதன்முதலாகப் பெற்ற லியோனார்டு தாம்சன், ஏறக்குறைய நம் வயதுச் சிறுவன்; அவனுக்கு வயது 14. கண்டுபிடித்தவர்களோ காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். இன்சுலினைப் பெருமளவில் தயாரித்த அமெரிக்காவின் எலி லில்லி போன்ற கம்பெனிகள் பெரிதாக வளர்ந்தன.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி சர்க்கரை நோய்க்கென ராகாகிளிட்டசார் என்னும் மருந்தை உருவாக்கி, டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனியிடம் ஒப்படைத்தது. சோதனை எலிகளுக்குக் கட்டிகள் தோன்றியதால் 2002-இல் மனிதச் சோதனை நிறுத்தப்பட்டது.

பெங்களூரின் பயோகான் கம்பெனி 1978-இல் தொடங்கப்பெற்று, 2004-இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. ஊசிக்குப் பதிலாக மாத்திரை வடிவில் இன்சுலின் தர அது முயன்றது. எத்தனை நோயாளிகளின் கனவு அது! 2011-இல் வந்த சோதனை முடிவோ எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. வேறு மருந்துகளும் கையில் இருந்ததால் கம்பெனி நிலைத்தது. அதன் கூட்டு முயற்சியில் உருவான கிளார்ஜின் இன்சுலினுக்கு 2020-இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

அனுமதி கிடைத்த பின்னும் தோல்வி வரலாம். பைசர் கம்பெனி மூச்சில் உறிஞ்சும் இன்சுலினை 2006-இல் கொண்டுவந்தது. மருத்துவர்களும் நோயாளிகளும் அதை விரும்பவில்லை. 2007-இலேயே அதைக் கைவிட்டு, சுமார் 280 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

வெற்றி பெற்ற கம்பெனியாயினும் வாங்கிய விலை முக்கியம். நோவோ நார்டிஸ்க், செமாகுளூட்டைடு மருந்தின் புகழால் 2023-இல் ஐரோப்பாவிலேயே மதிப்பு மிகுந்த கம்பெனியாயிற்று. ஆனால் விற்பனை எதிர்பார்ப்பைக் குறைத்து அறிவித்தபோது, 2025 ஜூலையில் ஒரே நாளில் அதன் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. உச்ச விலையில் வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

மேலும், காப்புரிமை முடிந்ததும் பிற கம்பெனிகளும் அம்மருந்தைச் செய்யலாம். எம்பாகிளிப்ளோசின் என்னும் மாத்திரைக்கு நம் நாட்டில் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் மிகக் குறைந்த விலையில் அதை விற்கத் தொடங்கின. நோயாளிக்கு அது நற்செய்தி. உயர்ந்த விலையை நம்பிப் பங்கு வாங்கியவருக்கோ கவலை.

நோயில் லாபம் தேடலாமா?

இக்கேள்வி எங்கள் வகுப்பில் பெரும் விவாதமாயிற்று. பணம் போடுவார் இல்லையேல் ஆராய்ச்சி நடவாது. ஆராய்ச்சி இல்லையேல் புதிய மருந்து இல்லை. எனினும் ஏழைக்கு எட்டாத மருந்து இருந்தும் இல்லாததே. நம் மாநிலத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. லாபமும் இரக்கமும் சேர்ந்து நடந்தால்தான் மருந்து எல்லோருக்கும் பயன்படும் என்று முடிவு செய்தோம்.

நாம் செய்ய வேண்டியவை

படிப்பு, திருமணம், வைத்தியம் போன்றவற்றுக்குச் சில ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடலாகாது. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பங்கு வாங்குதல் கூடவே கூடாது. ஒரே கம்பெனியை நம்பாமல் பலவற்றில் பிரித்துப் போடுதல் நன்று. பரஸ்பர நிதி இதற்கு ஒரு வழி. செபி அமைப்பில் பதிவு பெற்றவர் வழியாகவே வாங்க வேண்டும். "நிச்சயம் இரட்டிப்பாகும்" என்பாரைக் கண்டால் விலகிச் செல்க.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தோழி தன் தந்தைக்கு அனுப்பினாள். அவர் அக்காவின் படிப்புப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டார். பங்கு வாங்கும் ஆசையை அவர் விடவில்லை. அடுத்த அறுவடையில் செலவு போக மிஞ்சுவதில் ஒரு சிறு தொகை என்று சுருக்கிக்கொண்டார். பல மாதங்களாகத் தள்ளிப் போட்டுவந்த இரத்தப் பரிசோதனையையும் அன்றே செய்துகொண்டாராம். அந்தச் செய்தி கேட்டுத்தான் நாங்கள் மிகவும் மகிழ்ந்தோம். பணத்தைக் காப்போம், அதனினும் மேலாக உடலைக் காப்போம்!