சிறு பஞ்சவர்ணக்கிளிகள்

பஞ்சவர்ணக்கிளி என்றதும், மிருகக்காட்சி சாலைகளில் காணப்படும் மூன்றடி நீளப் பெரும் பறவையே பலருக்கும் நினைவிற்கு வரும். அக்குடும்பத்தில் உருவிற் சிறிய இனங்கள் சிலவும் உண்டு. பெரும்பாலும் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவை, இடவசதி குறைந்த வீடுகளுக்கு ஏற்றவை எனக் கருதப்பட்டு, இந்திய நகரங்களிலும் வளர்க்கப்பட்டு வருகின்றன. இக்கருத்து பாதி உண்மையே ஆகும்.

இவற்றுள் மிகச் சிறியது செந்தோள் பஞ்சவர்ணக்கிளி. இதன் ஒரு பிரிவினைப் பறவை வளர்ப்போர் ‘ஹான் மக்காவ்’ என்பர். இதன் நீளம் சுமார் 30 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பச்சைக்கிளியே தன் நீண்ட வாலினால் இதனை விஞ்சிவிடும். உடல் பசுமை, நெற்றி நீலம். சிறகை விரிக்குங்கால் தோளின் செந்நிறம் நன்கு புலப்படும். கண்ணைச் சுற்றியுள்ள இறகற்ற வெண்தோல் இதன் குலத்தைக் காட்டிக்கொடுக்கும். மஞ்சட்கழுத்து இனம், நீலச்சிறகு இனம் முதலியன இதனினும் சற்றுப் பெரியவை.

உருவம் சிறுத்ததேயன்றி இயல்பு சிறுக்கவில்லை. பெரிய இனங்களைப் போலவே இவையும் இணை பிரியாமலும் கூட்டமாகவும் வாழ்பவை. இவ்வியல்பு எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்குப் பிரேசில் நாட்டில் ஒரு சான்று கிடைத்தது. அங்கு பாயியா மாநிலத்தின் குராசா பகுதியில், ஸ்பிக்ஸ் பஞ்சவர்ணக்கிளிகளுள் ஒரே ஓர் ஆண் பறவை மட்டும் காட்டில் எஞ்சியிருப்பது 1990ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தன்னினத்துப் பெட்டை இல்லாத அப்பறவை, நீலச்சிறகு இனப் பெட்டை ஒன்றுடன் இணைந்து வாழ்ந்து வந்தது. 1995இல் அதன் சொந்த இனப் பெட்டை ஒன்று அங்கு விடப்பட்டது. சில வாரங்களில் அது காணாமற் போயிற்று. 2000ஆம் ஆண்டில் தானும் மறையும் வரையில் அந்த ஆண் பறவை வேற்றினத் துணையுடனேயே காலங்கழித்தது.

இத்தகைய பறவையைத் தனிக் கூண்டில் அடைத்துவிட்டு வீட்டார் அனைவரும் பகல் முழுதும் வெளியே சென்றுவிட்டால் நேர்வது என்ன? ஓயாது கூச்சலிடும்; சில பறவைகள் தம் இறகுகளைத் தாமே பிடுங்கி எறிந்து மார்பை மொட்டையாக்கிக்கொள்ளும். நோய்களாலும் இறகு உதிரக்கூடுமாதலால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோயில்லையெனில், தனிமையும் வேலையின்மையுமே பெரும்பாலும் காரணமாகும். கொய்யாக் கிளை, தேங்காய் மட்டை போன்றவற்றைக் கொடுத்தால் அலகிற்கு வேலை கிடைக்கும். கூண்டிற்கு வெளியே நாள்தோறும் சில மணி நேரம் மனிதருடன் பழகுவது இன்றியமையாதது.

சூரியகாந்தி விதையை மட்டுமே ஊட்டுவது பரவலான தவறு. அதில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ‘ஏ’ போதாது. காரட், பூசணி, கீரை, பப்பாளி ஆகியவை இக்குறையைத் தீர்க்கும். அவகாடோ எனும் வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் கிளிகளுக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுடைய பாத்திரம் அடுப்பில் அளவு மீறிச் சூடானால் எழும் ஆவி, மனிதர் உணருமுன்பே பறவையைக் கொன்றுவிடும். ஆகவே சமையலறையருகே கூண்டு வைத்தலாகாது.

சட்டமும் கவனத்திற்குரியது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அயல்நாட்டுப் பஞ்சவர்ணக்கிளிகளை வளர்ப்பதற்குத் தடையில்லை. எனினும் அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும், 2024இல் வெளியான விதிகளும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென்கின்றன. பரிவேஷ் இணையதளத்தின் வாயிலாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். குஞ்சு பொரித்தல், கைமாறுதல், இறப்பு ஆகியவற்றையும் தெரிவித்தல் கடமை. நன்கு பேணப்பட்ட சிறு பஞ்சவர்ணக்கிளி முப்பது ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடும். ஐம்பது வயதில் குஞ்சு வாங்குபவர், தமக்குப்பின் அதனை ஏற்பவர் யாரென்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டியவராவார்.