உங்களுக்குத் தெரியுமா? தேதியைத் திருப்பிப் போட்டால் கோப்புகள் தானே வரிசைக்கு வரும்

வேலப்பன்சாவடி ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைத் திறந்ததும் ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று கோப்புகள் குழப்பினால், குற்றம் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்புளோரருடையதல்ல, பெயர் வைத்தவருடையது. எக்ஸ்புளோரர் பெயரை இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் தேதியை 05-03-2024 என்று, நாளை முதலில் வைத்து எழுதினால் எல்லா மாதத்து ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடிக்கொள்ளும். 2024-03-05 என்று ஆண்டை முன்வைத்தால் பெயர் வரிசையே கால வரிசை. தேதி எழுதுவதற்கென 1988இல் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்வதும் இதே முறைதான். ‘திருத்திய தேதி’ப்படி அடுக்கலாமே என்பீர்கள். பழைய கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலே அது இன்றைய தேதிக்குத் தாவிவிடுமே! தேடல் பெட்டியும் முழுத் துணையல்ல: ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல் வெறும் படம், அதற்குள் இருப்பதைத் தேடல் பெரும்பாலும் படிக்காது. ஆகவே தேதியைப் பெயரிலேயே வையுங்கள்; விண்டோஸில் பெயர் மாற்ற எஃப்2 விசை போதும்.