நீச்சற்குளப் பாசி

நீச்சற்குளப் பாசி என்பது நீச்சற்குளங்களின் நீரிலும் சுவர்களிலும் தரையிலும் வளரும் நுண்பாசிகளைக் குறிக்கும். இவை ஒளிச்சேர்க்கை மூலம் தமக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக் கொள்கின்றன. காற்று, மழை, தூசி, குளிப்போரின் உடை ஆகியவற்றுடன் இவை எல்லாக் குளங்களையும் வந்தடைகின்றன. எனவே பாசி வருவதை முற்றிலும் தடுக்க இயலாது. பெருகுவதையே தடுக்க இயலும். குளம் பச்சை நிறமாவது நீரிலுள்ள கிருமிநீக்கி போதிய அளவில் செயல்படவில்லை என்பதன் அடையாளம் ஆகும்.

பாதிப்புகள்

பெரும்பாலான நுண்பாசிகள் மனிதருக்கு நேரடியாக நோய் தருவதில்லை. ஆயினும் பாசி படர்ந்த தரையும் படிகளும் வழுக்கும். பாசியை அழிப்பதில் குளோரின் செலவழிந்துவிடுவதால், நோய்க்கிருமிகள் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நீர் கலங்குவதே ஆகும். கலங்கிய நீரில் மூழ்கியவர் வெளியே நிற்போரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். எனவே தரை தெளிவாகத் தெரியாத குளத்தில் எவரும் இறங்குதல் கூடாது.

வகைகள்

* பச்சைப் பாசி: மிகப் பரவலாகக் காணப்படுவது. நீரில் மிதந்து, குளம் முழுவதையும் பச்சையாக்கும்.
* மஞ்சள் பாசி: நிழலான சுவர்களில் தூசி போலப் படியும். தேய்த்தால் எளிதில் கலையும். ஆனால் மீண்டும் தோன்றும்.
* கரும்பாசி: உண்மையில் இது நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியா வகை. சிமெண்டுச் சுவரின் நுண்துளைகளில் பற்றிக்கொள்ளும். மேலுள்ள வழவழப்பான படலம் குளோரினிலிருந்து இதனைக் காக்கும்.

குளோரினின் செயற்பாடு

நீரில் இடப்படும் குளோரின் ஐப்போகுளோரசு அமிலம், ஐப்போகுளோரைட்டு அயனி என்னும் இரு வடிவங்களில் இருக்கும். இவற்றுள் அமில வடிவமே வலிமையான கிருமிநீக்கி ஆகும். பி.எச் மதிப்பு 7.5 அளவில் இருக்கும்போது இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். பி.எச் 8 ஆனால் அமில வடிவம் கால் பங்காகக் குறைந்துவிடும். எனவே ஒரே அளவு குளோரின் இருந்தும் நீரின் பி.எச் உயர்ந்தால் பாசி வளரக்கூடும்.

சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களும் குளோரினைச் சிதைக்கின்றன. இதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. டிரைகுளோர் வகைக் குளோரின் மாத்திரைகளில் இது இயல்பாகவே கலந்துள்ளது. குளோரின் செலவழிந்த பின்னும் சயனூரிக் அமிலம் நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மிகுந்தால் குளோரினின் வேகத்தைக் குறைக்கும். நாள்தோறும் மாத்திரை இட்டும் சில குளங்கள் பச்சையாவதற்கு இது ஒரு காரணம். நீரின் ஒரு பகுதியை மாற்றுவதே இதற்கு வழக்கமான தீர்வு ஆகும்.

தடுப்பு முறைகள்

தனிக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராமும், சயனூரிக் அமிலம் பயன்படுத்தும் குளங்களில் 2 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்றும், பி.எச் 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் பரிந்துரைக்கின்றன. இவ்வளவுகளை அடிக்கடி சோதிக்க வேண்டும். மழைக்குப் பின்னும் பலர் குளித்த பின்னும் சோதிப்பது அவசியம். நீரை நாள்தோறும் வடிகட்டி வழியே சுழலவிடுதல், இலைதழைகளை அகற்றுதல், நீரோட்டம் குறைந்த மூலைகளைத் தேய்த்தல் ஆகியனவும் பாசியைத் தடுக்கும்.

பாசியை நீக்குதல்

1. குளிப்பதை நிறுத்தி, இலைகளையும் குப்பையையும் அகற்ற வேண்டும்.
2. பி.எச் மதிப்பை 7.2 அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.
3. சுவர்களையும் தரையையும் தூரிகையால் தேய்க்க வேண்டும். கரும்பாசியின் மேற்படலம் கிழியும்வரை தேய்ப்பது அவசியம்.
4. வெயில் தாழ்ந்தபின், பொதியில் குறிப்பிட்டுள்ளபடி மிகுதியான குளோரின் இட வேண்டும்.
5. வடிகட்டியை இடைவிடாமல் இயக்கி, அடைபடும்போதெல்லாம் கழுவ வேண்டும்.

நீர் தெளிந்தால் மட்டும் போதாது. இரவில் அளந்த குளோரின் மறுநாள் விடியலிலும் பெரிதும் குறையாமல் இருந்தால்தான் பாசி அழிந்துவிட்டது எனக் கொள்ளலாம். குளோரின் அளவு அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு இறங்கிய பின்னரே குளிக்க வேண்டும்.

செப்பு கலந்த பாசிக்கொல்லிகள் சுவரில் கறை படியச் செய்யும். வெளிர்நிறத் தலைமுடி நீச்சற்குளத்தில் பச்சையாவதும் குளோரினால் அன்று, செப்பினாலேயே ஆகும்.

எச்சரிக்கை

குளோரின் பொருளுடன் அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். கால்சியம் ஐப்போகுளோரைட்டையும் டிரைகுளோரையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். வேதிப்பொருளை நீரில் இட வேண்டும்; வேதிப்பொருளின் மீது நீரை ஊற்றுதல் கூடாது.

ரியோ ஒலிம்பிக் நிகழ்வு

2016 ஆகஸ்ட் 9 அன்று, ரியோ டி செனீரோ ஒலிம்பிக்கில் மரியா லென்க் நீர்விளையாட்டு மையத்தின் பாய்தற் குளம் பச்சையானது. மறுநாள் அருகிலிருந்த வாட்டர் போலோ குளமும் நிறம் மாறியது. ஆகஸ்ட் 5 அன்று ஐதரசன் பெராக்சைடு தவறுதலாகக் குளங்களில் இடப்பட்டதே காரணம் எனப் பின்னர் அமைப்பாளர்கள் தெரிவித்தனர். அதுவும் ஒரு கிருமிநீக்கியே. ஆயினும் குளோரினுடன் வினைபுரிந்து அதனைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒருங்கிசை நீச்சல் போட்டி நெருங்கியதால், அப்போட்டிக்குரிய பெரிய குளத்தின் ஏறத்தாழ 37 இலட்சம் லிட்டர் நீர் வெளியேற்றப்பட்டு, பயிற்சிக் குளத்தின் தூய நீர் நிரப்பப்பட்டது.