எழுதத் தயங்குவோரும் நாட்குறிப்பும்

நாட்குறிப்பு எழுத எண்ணுவோர் பலர், எழுதுவோர் சிலரே. நேரமின்மையைக் காரணமாகக் கூறுவோமாயினும், உண்மையான தடை வேறு. எழுதுதல் என்றவுடன் அழகிய நடையும் ஆழ்ந்த கருத்தும் வேண்டுமென நாம் கருதிவிடுகிறோம். நாட்குறிப்போ சொல்வன்மையைக் கோருவதில்லை, சான்றையே கோருகிறது. இவ்வேறுபாட்டை உணர்வோமாயின், தயக்கத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். அவர் வணிகர், பின்னர்ப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாகப் பணியாற்றியவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய அவர், கண்டதும் கேட்டதும் கப்பல்களின் வரவும் போக்கும் ஆகியவற்றைக் குறித்துவைப்பதையே நோக்கமாகக் கொண்டார். 1761 ஜனவரியில் அவர் மறையும் காலம்வரை அப்பணி தொடர்ந்தது. அவருடைய நடை பேச்சுத் தமிழோடு பிறமொழிச் சொற்கள் பல விரவியது. புலவர் குறையெனக் கருதக்கூடிய அதுவே, அக்காலத்தார் வழங்கிய மொழியை இன்று நமக்குக் காட்டுகிறது. நடை செம்மையுற்ற பின்னரே எழுதுவேன் என அவர் காத்திருந்தால், நாம் இழந்திருப்பது சிறிதன்று.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பீஸ் என்பவர் 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீயும் அவருடைய அன்றாட உணவும் ஒரே ஏட்டில் இடம் பெற்றன. எது சிறியது, எது பெரியது என்று முன்னரே தீர்ப்பிட அவர் முற்படவில்லை.

எவ்வாறு தொடங்குவது? தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதலில் தேதியும் இடமும் எழுதுக. பின்னர்க் கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என மூன்று வாக்கியங்கள் எழுதுக. கேட்டதைக் கண்டதுபோல் எழுதலாகாது. தவறிய சொல்லைக் கோடிட்டு அடித்துவிட்டு மேலே செல்லலாம்; தாளைக் கிழிக்க வேண்டுவதில்லை. விடுபட்ட நாட்களைப் பின்னர் நிரப்பவும் முயலற்க. பிந்திய நிகழ்ச்சிகளால் நினைவு நிறம் மாறிவிடுமாதலால், அவ்வாறு எழுதுவது அந்நாளின் சான்றாகாது. வெற்றுப் பக்கமும் ஓர் உண்மையே.

மழை எந்நாளில் பெய்தது, நெல் என்ன விலை விற்றது, மறைந்தவர் இறுதியாக உரைத்தது யாது என்பனவெல்லாம் சில ஆண்டுகளில் நம் நெஞ்சிலேயே உருமாறிப் போகின்றன. அன்றன்று கைப்பட எழுதிய மூன்று வரிகளோ எழுதியவாறே நிற்கும்.