நிரந்தரப் பட்டா நிரந்தரமா?



நம் பாட்டன்மார் தோட்டத்து லயன் வீட்டையே நிரந்தரம் என்று நம்பியிருந்தார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, அந்த நம்பிக்கை உடைந்தது. தொழிலாளரே தோட்டம் வாங்க வேண்டும் என்று வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

இன்று நம்மில் பலருக்குக் கிள்ளானிலோ ஷா ஆலமிலோ சொந்த வீடு இருக்கிறது. 99 ஆண்டுக் குத்தகை என்றால் கெடு உண்டு என்பது தெரியும். பட்டாவில் 'கெக்கால்', அதாவது நிரந்தரம், என்று இருந்துவிட்டால் டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். தூங்கலாமா?

அந்தச் சொல்லையும் மீறும் வழிகள் சட்டத்திலேயே உண்டு.

முதலாவது நிலவரி. ஆண்டுதோறும் மே 31க்குள் கட்ட வேண்டும். பாக்கி விழுந்தால் நில அலுவலகம் அறிவிப்பு அனுப்பும். அதன்பின் மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால், நிரந்தரப் பட்டா நிலமும் மாநில அரசுக்குப் போய்விடலாம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாவது நில எடுப்பு. சாலை, பள்ளிக்கூடம் போன்ற பொதுக் காரியங்களுக்கு நிலத்தை எடுக்க 1960ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 1991இல் அதைத் திருத்தி, பொருளாதார வளர்ச்சிக்கு உதவும் காரியங்களையும் சேர்த்தார்கள். ஆனால் போதிய இழப்பீடு தராமல் எடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 13ஆவது பிரிவு நமக்குத் தரும் காவல் அது. தொகை குறைவென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முடிவு சொன்ன நேரத்தில் விசாரணையில் இருந்தவருக்கு ஆறு வாரம்தான் தவணை.

இங்கேதான் நம்மவர் தவறிவிடுகிறோம். பட்டா காலமான அப்பாவின் பெயரிலேயே இருக்கும். முகவரியோ பழைய தோட்டத்து முகவரி. அறிவிப்பு அங்கே போய்க் கிடக்கும். நாம் இங்கே இருப்போம். கெடு கடந்தபின் ஓடி அலைந்து என்ன பயன்?

அண்ணன்மாரே, அக்காமாரே, இன்றிரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டாவில் யார் பெயர்? எந்த முகவரி? கடைசி வரி ரசீது எந்த ஆண்டுடையது? பெயர் மாற்றமும் முகவரி மாற்றமும் வேண்டுமானால் இந்த மாதமே நில அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். போகும்போது மூத்த பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நாளைக்கு அந்தப் பட்டாவைக் காக்கப் போவது அவர்களே.