உங்களுக்குத் தெரியுமா? வேலையே மருந்தாகும் சிகிச்சை

▪ பாரிசவாதத்தால் வலக்கை விழுந்துபோன திருகோணமலைக் கடற்றொழிலாளி ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவதும் வலையில் முடிச்சிடுவதுமே சிகிச்சையாகலாம். அன்றாட வேலைகளைக் கொண்டே அன்றாட வாழ்வை மீட்டுத் தருவதுதான் ஒக்கியூபேஷனல் தெரப்பி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை.

▪ 1917இல் அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் அமைந்தது. முதலாம் உலகப் போரில் காயமுற்ற படையினரைத் தேற்றும் பணியில் இத்துறை வேகமாக வளர்ந்தது.

▪ இந்தியாவில் இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டவர். 1952இல் இத்துறையினரின் உலகக் கூட்டமைப்பை நிறுவிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

▪ இலங்கையில் இத்துறையினருக்குக் கொழும்பில் நீண்டகாலமாகப் பயிற்சி அளிக்கப்படுகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இப்போது பட்டப்படிப்பும் உண்டு.

▪ உள்நாட்டுப் போரையும் 2004 சுனாமியையும் தாங்கியது நம் திருகோணமலை மாவட்டம். காயம் ஆறியும் கை வழங்காதவர், பாரிசவாதம் கண்டவர், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளை என யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், "விதி" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வைத்தியரைப் பார்க்கும்போது இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.