கரி வந்தது; கழனி எப்போது வரும்?

நெய்வேலி என்றதும் நம் நினைவுக்கு வருவது வெளிச்சம். 1956ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து மண்வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962ல் மின்சாரம் ஓடிற்று. அந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆலைச் சக்கரம் சுழன்றதும், வயலில் பம்புசெட் நீர் இறைத்ததும் அந்தக் கரியாலும்தான். கரியை வெட்டியவன் தொழிலாளி. நிலத்தை விட்டுக் கொடுத்தவன் உழவன். இருவருக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது.

கரிக்குக் கணக்கு உண்டு. மின்சாரத்திற்குக் கணக்கு உண்டு. இலாபத்திற்கும் கணக்கு உண்டு. மண்ணுக்குக் கணக்கு எங்கே? அதைத்தான் இன்று கேட்கிறோம்.

நெய்வேலியில் கரி எளிதில் கைக்கு எட்டுவதில்லை. அதன்மேல் 50 மீட்டர், 100 மீட்டர் என்று மண்ணும் மணற்கல்லும் படிந்து கிடக்கின்றன. ஒரு டன் கரியைத் தொட, ஏறத்தாழ 5 கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். ஆகவே அது கரிச் சுரங்கமாக இருக்கும் முன்பே ஒரு மண் சுரங்கம்! சக்கர வாளி இயந்திரம் முன்னே வெட்டும். பெல்ட் அதைச் சுமந்து செல்லும். கரி எடுத்து முடித்த பள்ளத்தில் பின்னே கொட்டும். முதலில் வெட்டிய மண்ணுக்கு அப்படிப் பள்ளம் இல்லாததால் அது வெளியே மலையாக நிற்கிறது.

இந்த வேலையில் கவனம் தவறினால் என்ன ஆகும்? வண்டல் அடியிலே போகும். அடியிலிருந்த மணலும் களியும் மேலே வரும். நூறு தலைமுறை உழுது, எருவிட்டு, பதப்படுத்திய ஒரு முழ மண் அன்றே செத்தது. பிறகு அங்கே மரக்கன்று நட்டுப் படம் எடுக்கலாம், நெல் விளையுமா?

மேல்மண்ணைத் தனியே சீவி, தனியே காத்து, நிரப்பிய நிலத்தின்மேல் திரும்பப் பரப்ப வேண்டும். இது நாம் காணும் கனவல்ல. ஜெர்மனியின் ரைன் பகுதிச் சுரங்கங்களிலும் இதே பழுப்புக்கரிதான், இதே சக்கர வாளிதான். அங்கே வயலாக்கும் நிலத்தில் 2 மீட்டர் கனத்திற்கு நல்ல மண்ணைப் பரப்புகிறார்கள். அமெரிக்காவிலோ, மேல்மண்ணைப் பிரித்துக் காக்க வேண்டும், நிலத்தைச் சீராக்குவதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று 1977லேயே சட்டம் செய்தார்கள். இயந்திரத்தை இறக்குமதி செய்யத் தெரிந்த நமக்கு இந்த முறையை இறக்குமதி செய்யத் தெரியாதா?

மண் கணக்கு உழவன் கணக்கு மட்டுமல்ல, தோழர்களே! அது தொழிலாளியின் உயிர்க் கணக்கு. ஜார்க்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று மண்மேடு சரிந்தது; 23 தொழிலாளர் மண்ணுக்குள் மாண்டனர். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர். மண்மேட்டின் சரிவு 37.5 பாகைக்கு மேல் போகக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிபடியாக வெட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. டம்பர் ஓடும் பாதை 16 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது பொதுவிதி. பாதையின் ஓரத்தில் மண் அணை வேண்டும். இல்லாவிட்டால் இரவு ஷிப்டில் கண் அசந்த ஓட்டுநர் பள்ளத்தில்தான் விழிப்பார். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைநீர் மேட்டுக்குள் இறங்காமல் வாய்க்கால் வேண்டும். இவை சலுகைகள் அல்ல, வேலையின் அங்கங்கள்!

"இதற்கெல்லாம் செலவாகுமே" என்பார்கள். ஆகட்டும்! சுரங்கத்தை மூடும் திட்டம் வேண்டும், அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் கட்ட வேண்டும் என்று 2009ல் நிலக்கரி அமைச்சகமே நெறி வகுத்திருக்கிறது. நிலத்தைச் சீராக்கும் செலவு கரியின் விலையில் சேர வேண்டிய செலவு. அதைச் சேர்க்காமல் கரி மலிவு என்பது, வண்டிக்காரன் மாட்டுக்குத் தீனி போடாமல் வாடகையை இலாபம் என்று சொல்வதைப் போன்றது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்குள் இயந்திரம் இறங்கிக் கால்வாய் வெட்டியதை நாடு பார்த்தது. பசும்பயிர் சாய்வதைக் கண்டு மக்கள் ஏன் கொதித்தார்கள்? போன நிலம் திரும்பும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. முன்பு எடுத்த நிலம் கழனியாகித் திரும்பியிருந்தால் அந்தக் கொதிப்பு இவ்வளவு எழுந்திருக்குமா? அதை விட்டு, "சுரங்கம் நின்றால் உன் வேலை போகும்" என்று தொழிலாளியிடமும், "உன் நிலத்தில் அவன் பிழைக்கிறான்" என்று உழவனிடமும் ஓதுவோர் உண்டு. அந்த வலையில் நாம் விழலாகாது. நிலத்தைச் சீராக்குவதும் வேலைதான், பல்லாண்டு வேலை, கரி தீர்ந்த பிறகும் தீராத வேலை!

நாம் கேட்பது இதுதான்: ஆண்டுதோறும் எத்தனை ஏக்கர் வெட்டினீர்கள், எத்தனை ஏக்கர் நிரப்பினீர்கள், அதில் எத்தனை ஏக்கர் ஏர் பூட்டத் தகுந்தது? இந்த மூன்று எண்ணையும் ஒவ்வோர் ஊராட்சியின் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து வையுங்கள். கரியை எடுத்த கை, கழனியையும் திருப்பித் தரட்டும்!